ஒரு மலைக்கோட்டை

அமெரிக்காவில் நல்ல தயிர் கிடைக்காது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், டாக்டர். நான் நம்பிவிட்டேன். உறை ஊற்றுவதற்கு ஒரு டப்பா நிறைய மிளகாய்க் காம்பு சேர்த்து எடுத்துக்கொண்டு போனேன். போய்ப் பார்த்தால் மகள் வீட்டுக்குப் பக்கத்துக் கடையிலேயே வாளி வாளியாக விற்கிறார்கள். புளிப்பும் சரியாக இருக்கிறது. தப்பான தகவலால் எவ்வளவு வீண் வேலை பாருங்கள்.

இதைச் சொல்லவா ஒரு கடிதம் என்று நினைப்பீர்கள். போன செவ்வாய்க்கிழமை புத்தூரில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். என் வீட்டுக்காரர் சின்னையா அமெரிக்காவில் ஒரு மலைப் பாதையில் இறந்துபோன விவரத்தைச் சொன்னேன். நீங்கள் பேனாவை மூடி வைத்துவிட்டு, "ஒரு மலைக்கோட்டைக்கு மேல வேண்டாம்னு உங்ககிட்ட சொல்லியிருந்தேனேம்மா?" என்று கேட்டீர்கள். "சொன்னீங்க டாக்டர்" என்றேன். அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார். இன்னொரு கேள்வி நீங்கள் கேட்டிருந்தால் அங்கேயே பதில் சொல்லியிருப்பேன். வீட்டுக்கு வந்த பிறகும் அது பாதியில் அறுந்துபோன அழைப்பு மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் முப்பத்தொரு வருடம் திருச்சி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் விசாரணைப் பிரிவில் இருந்தவள். செல்போன் வருவதற்கு முன்னால், யாருடைய நம்பராவது தெரிய வேண்டுமென்றால் 197-ஐச் சுற்றுவார்கள். "விசாரணை, சொல்லுங்க" என்று ஒரு குரல் வருமே, அந்தக் குரல்களில் ஒன்று என்னுடையது. பெயரும் தெருவும் சொல்வார்கள், நான் நம்பர் சொல்வேன். ஒரு ஷிப்டில் முந்நூறு பேராவது கேட்பார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்று எங்கள் சூப்பர்வைசர் அம்மா இரண்டே விஷயம் சொன்னார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், கேட்காததைச் சொல்லாதே. குரலை உயர்த்தாதே. இரண்டையும் இன்றுவரை கடைப்பிடிக்கிறேன். தப்பான நம்பர் கொடுத்தேன் என்று என்மேல் ஒரு புகார்கூட வந்ததில்லை.

சின்னையா டவுன் பஸ் கண்டக்டர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் முப்பது வருடம் டிக்கெட் கிழித்தவர். நல்ல மனிதர். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, என்மேல் கை ஓங்கியது கிடையாது. சமையலைக் குறை சொன்னதில்லை. உப்பு சரியாக இருக்கிறதா என்று சாப்பிட்டுக்கொண்டே என்னிடம் கேட்பார், அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் என்னிடம் கேட்பார். வாசலில் நின்றுகொண்டு, அடுப்படியில் இருக்கும் என்னிடம், "வள்ளி, வெளியில வெயில் எப்படி?" என்பார். "நேத்து நான் நல்லாத் தூங்கினேனா?" என்பார். முக்கியமாகத் தூரம் கேட்பார். எந்த போர்டையும் நம்ப மாட்டார். போர்டைப் பார்த்து ஏறியவன் என்றைக்கு ஊர் போய்ச் சேர்ந்தான் என்பது கண்டக்டராக அவர் கண்ட அனுபவம். அடி, மைல், கிலோமீட்டர் எதுவும் அவருக்கு மண்டையில் ஏறாது. நான் திருச்சிக் கணக்கில் சொல்ல வேண்டும். சத்திரத்திலிருந்து தெப்பக்குளம், சத்திரத்திலிருந்து மாம்பழச்சாலை, மன்னார்புரம் வரை, இப்படி. உயரமாக இருந்தால் மலைக்கோட்டை. அரை மலைக்கோட்டை, ஒரு மலைக்கோட்டை. நான் சொல்லிவிட்டால் அதற்கு அப்பீல் இல்லை.

ஆபீசில் முந்நூறு பேர், வீட்டில் முந்நூறு பேருக்குச் சமமாக ஒருவர். ரிட்டயர் ஆனால் பாதி குறையும் என்று எதிர்பார்த்தேன். அவரும் ரிட்டயர் ஆகி வீட்டில் இருந்தார், அதனால் கூடியது. பிறகு இரண்டு வருடம் முன்பு நீங்கள் பைபாஸ் செய்தீர்கள். அதற்குப் பின் நெஞ்சைத் தடவிக்கொண்டு வந்து நிற்பார். "வள்ளி, இப்ப எனக்கு வலிக்குதா?"

"இல்லைங்க" என்பேன். போய்விடுவார். சிரிப்பு வருகிறதல்லவா? எங்கள் மகளும் சிரிப்பாள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

டிஸ்சார்ஜ் அன்று வராந்தாவில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு நீங்கள் சொன்னது வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. அவருக்குப் புரிகிற மாதிரியே சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு, மலைக்கோட்டை ஒரு தடவை ஏறலாம், நடுவில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறணும், அதற்கு மேல் அந்த இதயம் தாங்காது என்றீர்கள். நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை எப்போதும் அவர் சட்டைப் பையிலேயே இருக்க வேண்டும் என்றீர்கள். இரண்டையும் அவரிடம் சொன்னேன். ஒரு மலைக்கோட்டை என்பது அவருக்கு ஏதோ பரிசு கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. மாதம் ஒருமுறை ஏறி, மேலே நின்று காவிரியைப் பார்த்துவிட்டு வருவார். பார்க்கிறவர்களிடமெல்லாம், "நமக்கு ஒரு மலைக்கோட்டை சாங்ஷன் ஆயிருக்கு" என்பார்.

இந்த ஜூனில் அமெரிக்கா போனோம். எங்கள் ஒரே மகள் கலைமதி அங்கே கணவரோடு இருக்கிறாள். மாப்பிள்ளை சுரேஷ்குமார் தங்கமான பையன். கலைமதிக்கு அக்டோபரில் பிரசவம். அதற்குள் எங்களுக்கு நாலு இடம் காட்டிவிட வேண்டும் என்று ஜூலையில் காரில் மூன்று நாள் பயணம் ஏற்பாடு செய்தார்கள். பழைய எரிமலைகள் இருக்கிற பிரதேசம்.

அந்த இடத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை என்றாலும் இதை மட்டும் சொல்ல ஆசையாக இருக்கிறது. அவ்வளவு அழகு. சாலைக்கு இரண்டு பக்கமும் மைல் கணக்கில் கறுப்புக் கல். அடிபிடித்த சட்டியைச் சுரண்டிக் கொட்டிய மாதிரி கிடக்கிறது. அதற்கு நடுவில் திடீரென்று ஒரு பைன் மரம், மஞ்சள் பூ. கொஞ்ச தூரத்தில் சாம்பல் குன்று ஒன்று. பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் கரி எஞ்சின் ஓடிய காலத்தில் இப்படித்தான் குவித்து வைத்திருப்பார்கள் என்றார் இவர். ஒவ்வொரு ஏரிக்கரையிலும் கூடாரம் அடித்துக்கொண்டு ஜனங்கள். கார் தலையில் படகைக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். அரை டிராயர் போட்ட கிழவர்கள் சைக்கிள் ஓட்டுகிறார்கள். மரத்தடிக்கு மரத்தடி மேஜையும் பெஞ்சும். யாரும் யாரையும் எதுவும் கேட்பதில்லை. பார்த்தால் சிரிக்கிறார்கள், போய்விடுகிறார்கள்.

இவர் ஜூலை வெயிலில் குரங்குக் குல்லாய் போட்டுக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே வந்தார். இந்தக் கல் எப்போது வெந்தது. அந்தக் குன்று எத்தனை மலைக்கோட்டை. அடுத்த ஊர் மன்னார்புரத்தைவிடத் தூரமா. பின் சீட்டிலிருந்து நான் சொல்லிக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை வண்டி ஓட்டிக்கொண்டே, "அத்தை இருக்கறப்ப நமக்கு கூகுள் எதுக்கு" என்றார். ஒரு இடத்தில் இவர், "இது திரும்ப வெடிக்குமா வள்ளி?" என்று கேட்டார்.

"இன்னைக்கு இல்லைங்க" என்றேன். நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

இரண்டாம் நாள் மாலை, ஓர் ஏரிக்கரை மேஜையில் புளியோதரையைப் பிரித்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். கலைமதி என் தோளில் சாய்ந்துகொண்டு, அம்மா இங்கேயே இருக்கட்டும், அப்பா ஆகஸ்டில் ஊருக்குப் போகட்டும், அத்தை பிள்ளைகள் யாராவது அவரைப் பார்த்துக்கொள்வார்கள் என்றாள். மாடியில் ஒரு அறை இருக்கிறது, ஜன்னலைத் திறந்தால் மரம்தான் தெரியும். இரண்டு பேரும் எட்டு மணிக்கு வேலைக்குப் போனால் ஐந்துக்குத்தான் வருவார்கள். நீ சும்மா இரும்மா போதும் என்றாள்.

டாக்டர், எட்டிலிருந்து ஐந்து ஒன்பது மணி நேரம். ஒன்பது மணி நேரம் ஒருவரும் ஒன்றும் கேட்காத ஒரு அறை. எனக்கு அறுபத்துமூன்று வயது. அப்படி ஒன்று எனக்கு வாய்க்கும் என்று நான் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு அழுதுவிடுவேனோ என்று பயந்தேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் இவர் பதில் சொல்லிவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேள்விக்கு அவரே பதில் சொன்னார்.

"அது ஆகாதும்மா. அவ இங்க இருந்துட்டா எனக்கு யாரு பதில் சொல்றது?"

எல்லோரும் சிரித்தார்கள். கலைமதிக்குக் கண்ணே கலங்கிவிட்டது, அப்பாவுக்கு அம்மாமேல் எவ்வளவு பிரியம் என்று. பிரியம்தான். அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நானும் சிரித்தேன். ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதி இரண்டு பேரும் கிளம்புவது என்று அங்கேயே முடிவாயிற்று.

மூன்றாம் நாள் அந்தப் பள்ளத்து ஏரிக்குப் போனோம். ஒரு காலத்தில் பெரிய மலையாக இருந்து, வெடித்து, உள்ளே இடிந்து விழுந்து, அந்தக் குழியில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. அப்படி ஒரு நீலத்தை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மேல்விளிம்பே ஊட்டி அளவு உயரம், வேகமாக நடந்தாலே மூச்சு வாங்கும். விளிம்பிலிருந்து தண்ணீர் வரைக்கும் ஒரு பாதை வளைந்து வளைந்து இறங்குகிறது. மேலேயிருந்து பார்த்தால் தண்ணீர் இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரித்தான் தெரியும்.

கலைமதிக்குத் தலைசுற்றலாக இருந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு கடை இருக்கிறது, அங்கே அவளை உட்காரவைத்து ஏதாவது சாப்பிட வாங்கிக்கொடுத்துவிட்டு ஒரு மணி நேரத்தில் வருகிறோம் என்று எங்களை அந்தப் பாதை முகப்பில் ஒரு பெஞ்சில் இறக்கிவிட்டார் மாப்பிள்ளை. போகும்போது என்னிடம் மெதுவாக, "மாமா கீழ இறங்க வேணாம் அத்தை, ரொம்பச் செங்குத்து" என்றார். சரி என்றேன்.

பாதை ஆரம்பிக்கும் இடத்தில் ஒரு பெரிய போர்டு. இவர் அதன் முன்னால் போய் நின்றார். "என்ன போட்டிருக்கான் வள்ளி?"

அந்த போர்டில் நாலைந்து விஷயம் இருந்தது. எழுநூறு அடி இறக்கம். திரும்பி ஏறுவது மிகக் கடினம். இதய நோய் உள்ளவர்கள் இறங்க வேண்டாம். நாய்களுக்கு அனுமதி இல்லை.

"நாயைக் கூட்டிட்டுப் போகக் கூடாதாம்" என்றேன். அது போர்டில் இருந்ததுதான்.

"எவ்வளவு இருக்கும்?"

"ஒரு மலைக்கோட்டைங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. சரியாக அவருக்கு சாங்ஷன் ஆன அளவு. "அங்க ஏறி இறங்கணும், இங்க இறங்கி ஏறணும். அவ்வளவுதானே?" என்றார். என் முட்டி வலியைச் சொல்லி என்னை உட்காரச் சொன்னார். சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டு, "மருந்து உன்கிட்டயா இருக்கு?" என்றார். என்கிட்டதான் இருக்கு என்றேன். தண்ணீர் பாட்டிலில் மீதி இருந்ததைக் குடித்துவிட்டு, எனக்கு அந்த ஏரித் தண்ணீர் கொண்டுவருவதாகக் காலி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டார். இரண்டடி போய்த் திரும்பினார்.

"கீழ எப்படி இருக்குன்னு நான் பார்த்துட்டு வந்து சொல்றேன் வள்ளி. இன்னைக்கு நீ கேளு, நான் சொல்றேன்."

பிறகு பஸ்ஸில் சொல்வது போலவே, "போலாம், ரைட்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு இறங்கினார். குரங்குக் குல்லாய் இரண்டு திருப்பம் வரை தெரிந்தது.

நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். சந்தோஷமாக இருந்தது, டாக்டர். மறைக்க ஒன்றுமில்லை. காற்று வந்தது. மரத்தில் ஏதோ ஒரு பறவை. கீழே அந்த நீலம். காதிலிருந்து ஹெட்செட்டைக் கழற்றியது அன்றைக்குத்தான் என்று தோன்றியது.

நடுவில் ஒரு பெண்மணி நாயோடு வந்து போர்டைப் படிக்காமலேயே இறங்கப் பார்த்தாள். என்னைப் பார்த்து, ரொம்ப ஆழமா என்று இங்கிலீஷில் கேட்டாள். எழுநூறு அடி, திரும்பி ஏறுவது கடினம், நாயை விட மாட்டார்கள் என்றேன். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பிப் போனாள். அப்புறம் ஒரு இளைஞன் இறங்கப் போகும்போது, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டான். நான் நன்றாக இருக்கிறேன், என் கணவருக்காகக் காத்திருக்கிறேன் என்றேன். இரண்டும் சரியான பதில்கள். கைப்பை என் மடியில் இருந்தது.

மாப்பிள்ளை வரச் சற்று நேரமாகிவிட்டது. கலைமதிக்கு வாந்தி. ஒன்றரை மணி நேரம் கழித்து வந்து, மாமா எங்கே என்று கேட்டார். சொன்னேன். அவர் முகம் போன போக்கைப் பார்க்க எனக்கு வருத்தமாக இருந்தது. மாத்திரை எங்கே என்றார். உடனே எடுத்துக்கொடுத்தேன். ஓடினார்.

பாதையோரத்தில் உட்கார ஆங்காங்கே பலகை போட்டிருக்கிறார்கள். அப்படி ஒன்றில் உட்கார்ந்த மேனிக்கு இருந்தாராம். பாட்டிலில் தண்ணீர் நிறைந்திருந்தது. வனத்துறை ஆள் கணக்கு எழுதினார், தண்ணீர் மட்டத்திலிருந்து சுமார் முந்நூறு அடி மேலே என்று. நம் மலைக்கோட்டை இருநூற்று எழுபத்து மூன்று அடி. நான் சொன்ன அளவைவிட இருபத்தேழு அடி அதிகமாகவே ஏறியிருக்கிறார்.

அந்த வழியாக வந்த ஒரு தம்பதி மாப்பிள்ளையிடம் சொன்னார்களாம். எதிரே வந்த ஒவ்வொருவரிடமும் இவர் ஒரு விரலைக் காட்டி, ஒன்றுதானே, முடிந்துவிட்டதல்லவா என்று கேட்டிருக்கிறார். அவர்கள் இன்னும் பாதிக்கு மேல் இருக்கிறது, உட்காருங்கள், ஆள் கூப்பிடுகிறோம் என்றிருக்கிறார்கள். இவர் தலையை ஆட்டிச் சிரித்தாராம். "நோ, நோ. மை வொய்ஃப் டோல்ட். ஒன்" என்றாராம்.

அங்கேயே தகனம் செய்தோம். சாம்பலைக் கொண்டுவந்து அம்மா மண்டபத்துப் படித்துறையில் காவிரியில் கரைத்தேன். ஏரித் தண்ணீர் பாட்டிலைக் கலைமதி பத்திரமாகப் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தாள். அப்பா கடைசியாக உனக்குக் கொண்டுவந்தது என்று. அது ஸ்ரீரங்கம் வீட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. இதுவரை திறக்கவில்லை.

மாப்பிள்ளை இன்னும் சரியாகத் தூங்குவதில்லையாம். எங்களை அங்கே தனியாக விட்டுவிட்டுப் போனது தன் தப்பு என்று புலம்புகிறாராம். பாவம்தான். ஆனால் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. கலைமதி ஒரே ஒருமுறை, "அப்பா ஏம்மா இறங்குனாரு?" என்று கேட்டாள். அவருக்கு ஆசையாக இருந்தது என்றேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் கேட்காமல் விட்டது இதுதான் என்று நினைக்கிறேன். தெரிந்துதான் சொன்னேனா?

ஒரு மணி நேர அமைதிக்கு ஆசைப்பட்டு வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன், களைத்துப்போய் மெல்ல ஏறி வந்துவிடுவார் என்று நினைத்தேன் என்றுதான் இந்த இரண்டு மாதமாக எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எழுதிப் பார்த்தால் அது சரியாக வரவில்லை. முந்தின நாள் மாலை, புளியோதரை டப்பாவைக் கழுவிவிட்டு வந்து, மாப்பிள்ளை கொடுத்திருந்த அந்த ஏரியின் விவரச் சீட்டை எடுத்து எழுநூறை இருநூற்று எழுபத்து மூன்றால் வகுத்துப் பார்த்தேன். இரண்டரை மலைக்கோட்டைக்குக் கொஞ்சம் கூடவே வந்தது. காலையில் அவர் குளிக்கப் போனபோது சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பட்டையை எடுத்து என் கைப்பைக்குள் வைத்தேன். அந்த நாயைத் திருப்பி அனுப்பியபோது எனக்கு எல்லாம் நன்றாக நினைவிருந்தது. தெரிந்துதான் சொன்னேன், டாக்டர். அவரைக் கொன்றது நான்தான்.

மீதி மாத்திரைகளை இதோடு வைத்திருக்கிறேன். யாருக்காவது உதவும். இதை நீங்கள் யாரிடம் சொன்னாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. போலீஸ் கேட்டால் இதே பதிலைச் சொல்வேன். யாரும் இதுவரை கேட்கவில்லை.

ரொம்ப அசதியாக இருக்கிறது. வீடு அமைதியாகத்தான் இருக்கிறது. ஆனால் அடுப்படியில் நின்றுகொண்டிருக்கும்போதே "வெயில் அதிகம்தாங்க" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பழக்கதோஷம், போகப்போகச் சரியாகிவிடும்.

பிரசவத்துக்குக் கலைமதி வரச் சொல்லியிருக்கிறாள். அடுத்த மாதம் கிளம்புகிறேன். அந்த மாடி அறையைப் பெருக்கி வைத்திருக்கிறாளாம். இரண்டு பேரும் வேலைக்குத் திரும்பிய பிறகு பகலில் குழந்தையும் நானும் மட்டும்தான். பேச்சு வர எப்படியும் இரண்டு வருடம் ஆகும். அதுவரை அது என்னை எதுவும் கேட்காது.